பித்தளைத் தகட்டில் பெயர் இல்லாதவர்கள்

மூணாறு சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அங்கே கோயிலுக்கு முன்னாலேயே கல்லறை வந்துவிட்டது. எலனோர் நைட் என்ற இளம்பெண், தோட்ட மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட்டைக் கல்யாணம் செய்துகொண்டு மலைக்கு வந்தவர். வந்த கொஞ்ச நாளில், 1894 டிசம்பரில், காலராவில் இறந்துபோனார். "நான் செத்தால் இந்தக் குன்றில்தான் புதைக்கவேண்டும்" என்று அவர் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னதாக ஊரில் சொல்வார்கள். அந்தக் குன்றிலேயே புதைத்தார்கள். அடிவாரத்தில் கோயில் கட்ட ஆரம்பித்தது 1910ல். அடுத்த வருஷம் வேலை முடிந்தது.

மூணாறுக்கு டூர் போகிற எல்லோருக்கும் கைடு சொல்லும் கதை இது. எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் ஒரு காதல் கதையும் ஒரு கம்பெனிப் பணமும் மட்டும் ஒரு கோயிலை நூறு வருஷத்துக்கு மேல் நடத்திவிடாது. வேறு யார் யார் நடத்தினார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பணம் போட்டவர்களைப் பார்த்துவிடுவோம். 1877ல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜே.டி.மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். முதலில் காப்பி, சிங்கோனா என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது தேயிலை. 1895 வாக்கில் ஃபின்லே மியூர் கம்பெனி உள்ளே வந்தது. 1897ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் ப்ரொட்யூஸ் கம்பெனி பதிவானது. இவர்களுக்கெல்லாம் தலைமை இடம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. நான் இப்போது குப்பை கொட்டுவதும் இதே கிளாஸ்கோவில்தான். ஆச்சி கொழுந்து எடுத்த மலையின் முதலாளி ஊரில் பேரன் கம்ப்யூட்டர் தட்டுகிறான். காலம் அப்படி.

துரைமார்களின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. கருங்கல் சுவரும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் மர பெஞ்சுகளும் அவர்கள் காலத்தில் வந்தவை. உள்ளே சுவரில் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். எல்லாம் தோட்டத்தில் வேலை பார்த்து இறந்த வெள்ளைக்காரர்களின் நினைவாக. ஒரு தமிழ்ப் பெயர் கூட அந்தத் தகடுகளில் என் கண்ணில் பட்டதில்லை.

நிற்க.

இரண்டாவது வகை, கங்காணி. தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர். தன் ஊர், தன் சொந்தம், பக்கத்து ஊர் என்று முன்பணம் கொடுத்துச் சேர்த்து, போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலையேற்றி, டாப் ஸ்டேஷனுக்குக் கூட்டி வருவார். கொடுத்த முன்பணம் கடனாகி, கடன் கழுத்துக்கு வந்து, ஊர் திரும்ப முடியாமல் போனவர்கள் ஏராளம். அவரைப் புகழ எனக்கு மனசு வராது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் தனித்தனி ஆட்களைக் கொண்டு வரவில்லை, ஊர் ஊராகக் கொண்டு வந்தார். திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிறிஸ்தவக் கிராமத்திலிருந்து முப்பது பேர் வந்தால், கூடவே ஒரு சபையும் மலையேறி வந்துவிடும். பாட்டு தெரிந்தவர், ஜெபம் பண்ணத் தெரிந்தவர், சண்டையை விலக்கத் தெரிந்தவர் எல்லாம் அதற்குள்ளேயே இருப்பார்கள். அந்த ஊர்த்தொடர்பு இன்னமும் அறுந்துவிடவில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி மண்சரிவில் 70 பேர் போனார்களே, அவர்களில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பக்கம்.

மூன்றாவது, உபதேசியார். குருவானவர் வருவது எப்போதோ ஒருநாள். உபதேசியார்தான் எஸ்டேட் எஸ்டேட்டாக அட்டைக்கடியோடு நடந்தவர். லயத்து வாசலில் ஜெபக்கூட்டம் வைப்பார். பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பார். ஊரிலிருந்து வந்த கடுதாசியைப் படித்துக் காட்டி, பதிலும் எழுதித் தருவார். சம்பளமோ கொஞ்சம். இது மூணாறுக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை. இலங்கை மலையகத்தில் 1850களிலேயே 'தமிழ்க் கூலி மிஷன்' என்று ஒன்று நடந்தது. தோட்டத் துரைமார்கள் சந்தா கொடுத்தார்கள், திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார்கள் போனார்கள். துரைக்கும் அதில் ஒரு கணக்கு இருந்திருக்கும், ஜெபம் பண்ணுகிற கூலியாள் குடிக்க மாட்டான், ஓடிப்போக மாட்டான் என்று. உபதேசியாரின் கணக்கு வேறு. அவர் எழுத்துச் சொல்லிக் கொடுத்த பிள்ளை, ஒருநாள் கூலிச் சீட்டைத் தானே படித்துப் பார்க்கும் அல்லவா?

கத்தோலிக்கர் பக்கமும் இதே மாதிரி ஒருவர் உண்டு. 1898ல் அல்போன்ஸ் என்ற ஸ்பானியக் கார்மேல் சபைப் பாதிரியார் மூணாறுக்கு வந்தார். மவுண்ட் கார்மேல் கோயிலின் தொடக்கம் அவர்தான். அவர் தேடி வந்ததும் துரைகளை அல்ல, தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிக்காரக் கத்தோலிக்கர்களை.

நான்காவது வகை, என் ஆச்சி மாதிரிப் பெண்கள். 'கைப்பிடி அரிசி' என்று தெற்கத்திச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு துணிப்பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். சேர்ந்த அரிசியை விற்று வரும் காசு சபைக்கு. வீட்டில் அரிசி பற்றாத வாரமும் ஆச்சி அந்தக் கலயத்தில் கை வைத்ததில்லை. "அது நம்மது இல்லலே, கொடுத்தாச்சு" என்பார். இப்படித் தினம் ஒரு பிடியாகச் சேர்ந்த காசுதான் விளக்குக்கு எண்ணெயாகவும் உபதேசியாருக்குச் சம்பளமாகவும் போயிருக்கிறது. இதற்கு ரசீது கிடையாது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் பத்து மடங்கு விலைக்குக் கேட்டு மானத்தோடு வாங்கிப் போகும் ஆட்களும் இந்த வகையில்தான் சேர்த்தி :-)

ஐந்தாவது வகை, அந்த மதத்தையே சேராதவர்கள். மூணாறு டவுனில் நின்று பார்த்தால் கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றும் ஆளுக்கொரு குன்றில் தெரியும். திருவிழாவுக்குப் பந்தல் போடுபவரும், மைக் செட்காரரும், சப்பரத்துக்குப் பூக்கட்டுபவரும் எந்தக் குன்றுக்காரர் என்று யாரும் கேட்டதில்லை.

பாலக்காட்டுப் பக்கமும் இதே எல்லைக்கதைதான். சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் உண்டு. 1956ல் மாநிலம் பிரிந்தபோது அவர்கள் கேரளாவுக்குப் போனார்கள், ஆனால் அவர்களின் பங்குகள் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தோடுதான் இருந்தன. 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவான பிறகுதான் அது மாறியது. ஐம்பத்தேழு வருஷம்! நடுவில் தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்று எத்தனை சண்டை. மலையில் இருந்த எங்கள் ஆட்கள் மலையாளத்தில் மனு எழுதி, தமிழில் ஜெபம் பண்ணப் பழகிக்கொண்டார்கள். மூணாறு கிறிஸ்து ஆலயத்தில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஆராதனை உண்டு.

இதில் ஒன்றும் புதுமை இல்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள், ஒரே பெயர்ப் பட்டியல். பலருக்கு உதவி செய்த பெபேயாள், வீட்டைக் கொடுத்த காயு, பட்டணத்து உக்கிராணக்காரன் ஏரஸ்து, உட்கார்ந்து நிருபத்தை எழுதிய தெர்தியு. எழுத்து வேலை செய்தவனுக்கும் அதில் ஒரு வரி கிடைத்தது. எங்கள் மலையில்தான் அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை.

கிளாஸ்கோவில் நான் பஸ் ஏறும் வழியில் ஓரான் மோர் என்று ஒரு மதுக்கடை இருக்கிறது. ஒரு காலத்தில் கெல்வின்சைடு பங்குக் கோயில். 2004ல் இப்படி மாறியது. கோபுரம் அப்படியே நிற்கிறது, கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த நாட்டில் இப்படி விலைக்குப் போன கோயில்கள் நிறைய. கட்டிடத்துக்குப் பணம் போட்ட முதல் வகை ஆட்கள் இங்கே தாராளமாகவே இருந்தார்கள். கலயத்தில் அரிசி போடுகிற வகைதான் மெல்ல மெல்ல இல்லாமல் போய்விட்டது.

மூணாறுக்கும் அது வராது என்று சொல்ல முடியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர், கல்ஃப் என்று போய்விட்டார்கள். வெளியே இருக்கிற நாங்கள் பெயிண்ட் அடிக்கப் பணம் அனுப்புகிறோம். அது நல்லதுதான். ஆனால் அனுப்பும்போது நாங்களும் முதல் வகையில்தான் சேர்கிறோம், பித்தளைத் தகட்டு வகை. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார ஆள் அனுப்ப எங்களால் முடியவில்லை.

இன்னொன்று. ஃபின்லே கம்பெனியின் பழைய காகிதங்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கூட்டக் குறிப்பு, கணக்கு, கடிதம் எல்லாம். உபதேசியாரின் பெயரும், மணி அடித்த கோயில்பிள்ளையின் பெயரும், கைப்பிடி அரிசியை அளந்து வாங்கிய அக்காவின் பெயரும் லயங்களில் மிச்சமிருக்கும் சில கிழவிகளின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன. என் ஆச்சி ஞாபகம் வைத்திருந்ததெல்லாம் அவரோடு போய்விட்டது.

மலையில் உங்களுக்கு ஒரு ஆச்சியோ தாத்தாவோ இன்னும் இருந்தால், அடுத்த லீவில் போகும்போது ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள். எந்த எஸ்டேட், எந்த வருஷம், யார் ஜெபம் சொன்னார், யார் மணி அடித்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழில், தேதி போட்டு. பெயிண்ட்டுக்குப் பணம் அடுத்த வருஷமும் அனுப்பலாம்.