எருக்கலம்பிட்டி மணலும் வண்டியின் அச்சும்

இலங்கையின் மன்னார் நகருக்கு அண்மையில், மன்னார்த் தீவின் வடபுறக் கரையை ஒட்டிக் கிடக்கும் எருக்கலம்பிட்டியின் பெயரில் எருக்கலஞ்செடியும் பிட்டியும் சேர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. பிட்டி என்பது சுற்றுநிலத்தைவிட மேடாக நிற்கும் மணல்திட்டு. வண்டிச் சக்கரத்துக்கு இவ்விரண்டும் நல்ல சகுனம் அல்ல, ஏனெனில் எருக்கலை தழைக்கும் இடம் பெரும்பாலும் உதிரி மண்ணாகவே இருக்கும். வீதியில் ஓடும் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் குலுக்கலைத் தாங்கும் வில்லிலிருந்து தொடங்குவது வழக்கமாயினும், இத்தகைய நிலத்தில் அந்த வரிசை தலைகீழாகிறது: இங்கே முதலில் சக்கரத்தின் அகலமும், அடுத்து அச்சின் வலிமையும், கடைசியாகவே வில்லும் கணக்கில் வருகின்றன.

நூறு கிலோ பாரத்தைக் காற்றடைத்த டயரில் ஏற்றி நல்ல தார்வீதியில் உருட்ட ஒன்று அல்லது இரண்டு கிலோ இழுவை போதும். அதே பாரத்தை உதிரி மணலில் நகர்த்த 20 முதல் 30 கிலோ வரை இழுக்க வேண்டியிருக்கும். இரும்புப் பட்டம் பூட்டிய ஒடுங்கிய மரச்சக்கரமோ மணலின் மேல் உருளுவதை விட்டு அதை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். மன்னார் நகரத் தெருக்களில் இன்றும் உரிமையாளரின்றித் திரியும் கழுதைகள், அரபு வணிகர் கொண்டுவந்தவை என்று வழங்கப்படும் கதை உண்மையோ அன்றோ, இந்தச் சிக்கலுக்குச் சக்கரமே வேண்டாம் என்று ஒரு காலம் கண்ட விடையின் எச்சமாகக் கொள்ளத்தக்கவை.

எனினும் வண்டி இல்லாமல் தீவும் அதற்கு அப்பாலுள்ள பெருநிலமும் இயங்கவில்லை. ஈழத்துப் பேச்சில் ‘வண்டில்’ எனப்படும் இரட்டைமாட்டு வண்டியின் நடுவே குறுக்காகக் கிடக்கும் உத்தரமே அச்சு. சக்கரத்தின் நடுக்கட்டையான குடம் அதன் நுனியில் சுழல, குடம் கழன்று ஓடாதபடி வெளிப்புறத்தில் செருகப்படும் ஆணி கடையாணி அல்லது அச்சாணி எனப்படும். குடத்திலிருந்து ஆரக்கால்கள் விரிந்து, வளைந்த மரத்துண்டுகளான வட்டைகளைத் தாங்க, வட்டைகளைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டம் இறக்கப்பட்டுத் தண்ணீரால் குளிர்விக்கப்படும்போது அது சுருங்கி முழுச் சக்கரத்தையும் இறுக்கிப் பிடிக்கும். தீவில் பனை மிகுதி. ஆனால் பனை அச்சுக்கு உதவாது. வண்டி வேலைக்குப் பேர்போன முதிரையும் சமண்டலையும் வன்னிக் காட்டு மரங்கள். சமண்டலையின் பெருமை கடல் கடந்தது: சென்னையில் அலைமோதும் கரையில் ஆளும் சரக்கும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளுக்கு அது ‘திருகோணமலை மரம்’ என்ற பெயரில் ஏற்றுமதியானது.

மர அச்சு மரக்குடத்தில் உராய்ந்து சுழலும் வண்டிக்கு மசகே உயிர். எரித்த வைக்கோலின் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த கரிய மையை மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிடுவது தமிழ்நாட்டு வண்டிக்காரரின் வழக்கம். மை காய்ந்துவிட்டால் அச்சு அலறும், அலறலைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் நுனி தேய்ந்து குடம் ஆடும். இரும்பு அச்சு வந்த பின்னரும் இந்தக் கவனம் குறையவில்லை, கடல் உப்பு படியும் ஊர்களில் அது கூடியிருக்கவே வேண்டும்.

அச்சைவிட நுணுக்கமானது பாரத்தை வைக்கும் இடம். இருசக்கர வண்டி அச்சின் மேல் தராசுபோல் நிற்பதால், சுமை முன்னே சாய்ந்தால் முன்பாரம், பின்னே சாய்ந்தால் பின்பாரம். முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து, கழுத்தைச் சுற்றிய பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மூட்டைகளை ஏற்றி முடித்த வண்டிக்காரர் ஏர்க்காலின் முனையைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். இலேசாகக் கீழே இழுக்கும் அளவுக்கு முன்பாரம் இருந்தால் மட்டுமே மாடு பூட்டப்படும். எடைக்கல் எதுவும் இல்லாத இந்தச் சோதனையின் பொருள் இன்றைய இழுவை வண்டிக்கும் அப்படியே பொருந்துவதைப் பின்னர் காணலாம்.

அச்சு முறிவது தமிழ் இலக்கியத்துக்குப் பழக்கமான கவலை. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ எடுத்துக்கொண்ட உவமை, உப்பு வணிகரான உமணர் மேடுபள்ளத்தை எண்ணி வண்டியின் அடிமரத்தில் கட்டிச் சென்ற சேம அச்சு, அதாவது முறிந்தால் மாற்றுவதற்கான உபரி அச்சு. உப்பளம் உள்ள மன்னாருக்கு இந்த உவமை அந்நியமானதன்று. மயில்தோகைதானே என்று அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற கருத்தைக் குறளும் அரசியல் அறிவுரையாகப் பயன்படுத்துகிறது. பாரத்தின் தன்மை அல்ல, அதன் மொத்த அளவே அச்சை முறிக்கிறது என்பதில் வண்டிக்காரரும் வள்ளுவரும் ஒரே கட்சி.

இவ்வளவு நீண்ட வரலாற்றில் வில் எங்கும் தென்படாதது கவனிக்கத்தக்கது. 1804இல் இலண்டன் வண்டி வினைஞர் ஒபதையா எலியட் முட்டைவடிவ இரும்பு வில்லுக்கு உரிமம் பெற்ற பின்னர், அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிப் பொருத்தும் முறை பரவி, குடியேற்ற ஆட்சியோடு தமிழ் நிலத்துக்கும் வந்து, ‘வில்வண்டி’ என்ற அழகான பெயரையும் பெற்றது. அதற்கு எதிரிடையாக, உடல் நேராக அச்சில் அமர்ந்த வண்டி கட்டைவண்டி ஆயிற்று. நெல்லுக்கும் உப்புக்கும் கட்டைவண்டி, மனிதருக்கு, அதிலும் வசதியுள்ள மனிதருக்கு, வில்வண்டி என்ற இந்தப் பிரிவினை தொழில்நுட்பத்தைவிடச் சமூகத்தையே அதிகம் காட்டுகிறது. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி, தம் சமூகத்தாருக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவீதியில் ஓட்டிச் சென்றது ஒரு வில்வண்டியையே. கட்டைவண்டியில் சென்றிருந்தால் அந்தச் செயலின் கூர்மை பாதியாகக் குறைந்திருக்கும்.

மனிதர் நாட்கணக்கில் வண்டியில் வாழும் தேவை மன்னார் மாவட்டத்தில் வேறொரு வழியாக எழுந்தது. பெருநிலக் காட்டினுள் அமைந்துள்ள மடுத் திருத்தலத்தின் ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு வடபுலத்தின் பல திக்குகளிலிருந்தும் குடும்பங்கள் கூடாரம் கட்டிய வண்டில்களில் அரிசியும் சட்டிபானையும் பாயுமாகப் புறப்பட்டு, வழியில் மரநிழலில் மாட்டை அவிழ்த்துச் சமைத்து, தலத்தை அடைந்ததும் கொட்டில் போட்டுத் தங்கின. 1924 யூலையில் மடுமாதாவின் சுரூபத்துக்கு முடிசூட்டப்பட்டபோது, தலைமன்னார் ரயில்பாதை ஏற்கெனவே பத்தாண்டு பழையது. ஆயினும் ரயில் கூடாரத்தைக் கொண்டுவராது. சிறிய வீட்டை அச்சில் ஏற்றி இழுத்துச் செல்வதை அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் பொழுதுபோக்காகக் கண்டுபிடித்தனர் என்ற எண்ணம் நிலவுவதால், இந்த யாத்திரை வண்டிகளை நினைவூட்டுவது தகும்.

மணலுக்கு உண்மையான விடையைத் தந்தது வில்லன்று, காற்று. 1888இல் ஜோன் பாய்ட் டன்லொப் மிதிவண்டிக்கென உரிமம் பெற்ற காற்றடைத்த டயர், இருபதாம் நூற்றாண்டில் மாட்டுவண்டிக்கும் இறங்கிவந்து, ‘டயர் வண்டி’யை உருவாக்கியது. அகன்று தட்டையாகும் ரப்பர் மணலில் புதையாமல் மிதப்பதோடு, சிறு குலுக்கல்களைத் தானே விழுங்குவதால், மெதுவாகச் செல்லும் வண்டிக்கு அதுவே வில்லாகவும் அமைந்தது. கட்டைவண்டியின் குறைகளை ஆய்ந்து, மாட்டின் கழுத்தையும் நாட்டின் வீதியையும் காக்க 1970களிலிருந்து வாதாடிய பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என். எஸ். ராமசாமியும் சக்கரம், அச்சு, நுகம் ஆகியவற்றையே திருத்த முனைந்தார்.

இலங்கையில் மாட்டின் இடத்தை எடுத்துக்கொண்டது லான்ட்மாஸ்டர். 1950களில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜயவர்தன வடிவமைத்து, இங்கிலாந்தின் நொட்டிங்காம் நிறுவனம் தயாரித்த இருசக்கர உழவு இயந்திரத்தின் வணிகப்பெயரான இது, பிற்காலத்தில் யப்பானிய இயந்திரங்களுக்கும் பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டது. தாம் செய்ததெல்லாம் எருமையை இயந்திரமாக்கியதுதான், வேளாண்மையை அன்று என்று விஜயவர்தன பின்னாளில் தம்மைத்தாமே விமர்சித்துக்கொண்டார். வண்டியின் வரலாற்றில் அந்த விமர்சனம் பாராட்டாகவே ஒலிக்கிறது, ஏனெனில் லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் பூட்டப்படும் ‘பெட்டி’ மாட்டுவண்டியின் நேரடி வாரிசு: நடுவே ஓர் அச்சு, இரண்டு டயர், முன்னே நீளும் இழுவைத்தண்டு. ஓட்டுநர் பெட்டியின் முன்விளிம்பில் அமர்வதால் அவரது உடலெடையே முன்பாரமாகிறது. மணிக்கு 15 கிலோமீற்றர் அளவில் ஊர்ந்து செல்லும் இதற்கு வில் இல்லாவிட்டாலும் குடி முழுகுவதில்லை.

1990 அக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி மக்கள் கையில் எடுக்கக்கூடியதோடு கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்றனர். வண்டிகளைக் கொண்டுசெல்ல வழி இருக்கவில்லை. அதே ஆண்டில் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலமும் தகர்ந்தது. புதிய பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட, 2015 மார்ச்சில் ரயிலும் தலைமன்னாரை மீண்டும் அடைந்தது. மீள்குடியேற்றத்தோடு வந்த தார்வீதிகள் வண்டிக்கணக்கை மாற்றின: வேகம் கூடியதும், அதுவரை ஆடம்பரமாக இருந்த வில் தேவையாகிவிட்டது.

கார் அல்லது வானின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு தங்கல் வண்டியை வீட்டுப் பட்டறையில் கட்டுவோர் முன் இன்று இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘கமான் பட்டை’ எனப்படும் அடுக்குவில்: அச்சை யூ-போல்ட்டால் பட்டையோடு இறுக்கி, பட்டையின் ஒரு கண்ணைச் சட்டத்தில் நிலையாகவும், மறுகண்ணைச் சாக்கில் எனப்படும் ஆடும் இணைப்பிலும் மாட்ட வேண்டும், பாரம் அழுத்தும்போது வளைவு நிமிர்ந்து பட்டை நீளுவதால், இரு முனையும் நிலையாக இருந்தால் கண்ணோ சட்டமோ பிளந்துவிடும். இரண்டாவது முறுக்கு அச்சு: சதுரக் குழாயினுள் 45 பாகை திருப்பிவைத்த சதுரத் தண்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே நான்கு ரப்பர் கயிறுகள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்க, சக்கரத்தின் கை மேலெழும்போது ரப்பர் நசுங்கிப் பாரத்தைத் தாங்குகிறது. அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள் 1961 முதல் இம்முறையைக் கைக்கொண்டன. சத்தமும் உராய்வும் குறைவு, சட்டமும் தாழ்வாக அமையும். ஆனால் உப்புக்காற்று குழாயைத் தின்றால் அச்சு முழுவதையும் மாற்ற வேண்டும். அடுக்குவில்லில் ஒரு பட்டை முறிந்தால் ஊர்க்கொல்லரே மாற்றிவிடலாம் என்பதால், மன்னார் போன்ற கரைக்கு அதுவே ஏற்றது எனலாம்.

அச்சின் தாங்குதிறனை மிகையாகத் தேர்வதும் தவறே. நிறைபாரம் 500 கிலோ உள்ள வண்டிக்கு 1,500 கிலோ தாங்கும் வில்லைப் பூட்டினால் அது வளையாமல், வண்டி கட்டைவண்டிபோலத் துள்ளும்; பாரத்தைவிடச் சிறிதளவே கூடிய தரம் போதும். அச்சைப் பாரத்தின் நடுப்புள்ளிக்குச் சற்றுப் பின்னே வைத்து, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக்கொக்கியில் இறங்கச் செய்ய வேண்டும் என்பது விதி. பின்பாரம் மிகுந்தால், மாட்டின் தொண்டைக்குப் பதிலாக, இழுக்கும் காரின் பின்சக்கரப் பிடிமானம் போய், வண்டி வால்போல ஆடத் தொடங்கும். கடற்கரைகளில் படகு இழுப்போர், உப்புநீர் புகுந்து பேரிங் கெடுவதற்கு அஞ்சி, கிரீஸ் நிரப்பிய உபரிச் சக்கரக்குடம் ஒன்றை வண்டிச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பொருத்திச் செல்வதுண்டு. உமணர் தங்கள் சேம அச்சைக் கட்டியதும் வண்டியின் அடிமரத்தில்தான்.