போருக்குப் பிந்திய இத்தாலியின் தொகுப்பு நகைச்சுவைத் திரைப்படங்கள்

தனித்தனிக் குறுங்கதைகள் சிலவற்றை ஒரே படமாக இணைத்துத் தருவது தொகுப்புத் திரைப்படம். இது ஆந்தாலஜி என்றும் அழைக்கப்படும். இரண்டாம் உலகப்போருக்குப் பின், குறிப்பாக 1950களிலும் 1960களிலும், இத்தாலியில் இவ்வடிவில் பல நகைச்சுவைப் படங்கள் வெளிவந்தன. அக்காலச் சட்டமும் வழக்கமும் எளிய மக்களின் வாழ்க்கையோடு எங்கெல்லாம் மோதின என்பதற்கு இவை நல்ல சான்றுகளாகும்.

பின்னணி

போரில் சிதைந்த இத்தாலியின் வறுமையை நியோரியலிசப் படங்கள் நேரடியாகக் காட்டின. விட்டோரியோ டி சிக்காவின் "சைக்கிள் திருடர்கள்" (1948) அவற்றுள் புகழ்பெற்றது. 1950களின் இறுதியில் தொழில்துறை வேகமாக வளர்ந்தது. தென்பகுதி மக்கள் பெருந்திரளாக மிலான், தூரின் போன்ற வடபகுதி நகரங்களில் குடியேறினர். வருமானம் மாறிய வேகத்தில் சட்டங்கள் மாறவில்லை. மணவிலக்கு 1970 வரை சட்டத்தில் இடம்பெறவில்லை. இந்த இடைவெளியே நகைச்சுவைக்குக் களமாயிற்று.

நேப்பிள்ஸ் கதைகள்

டி சிக்காவின் "நேப்பிள்ஸின் தங்கம்" (1954), ஜுசெப்பே மரோத்தாவின் சிறுகதைகளைத் தழுவியது. அதில் சோபியா லாரன் நடித்த பெண்ணும் அவள் கணவனும் பீட்சாவைக் கடனுக்கு விற்கிறார்கள். இன்று சாப்பிட்டுவிட்டு எட்டு நாளில் பணம் தரலாம். கையில் காசில்லாத ஒரு தெருவின் நிலையை இந்த ஏற்பாடே சொல்லிவிடுகிறது.

அவரது "நேற்று, இன்று, நாளை" (1963) படத்தின் முதற்கதையில், அடெலினா என்பவள் கள்ளச்சந்தையில் சிகரெட் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். கருவுற்ற பெண்ணைச் சட்டப்படி சிறையில் அடைக்க முடியாது என்பதால், அவள் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றுக்கொண்டே தண்டனையைத் தள்ளிப்போடுகிறாள். இப்படம் சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

வெட்டப்பட்ட கதை

"பொக்காச்சியோ 70" (1962) நான்கு இயக்குநர்களின் படம்: மரியோ மோனிச்செல்லி, ஃபெலினி, விஸ்கோந்தி, டி சிக்கா. மோனிச்செல்லியின் கதையில் மிலான் நகரின் ஒரே நிறுவனத்தில் வேலைசெய்யும் இளம் இணையர் தங்கள் திருமணத்தை மறைக்கின்றனர். பெண் ஊழியர் மணம் செய்தால் வேலை போய்விடும். இறுதியில் அவளுக்குப் பகல் வேலை, அவனுக்கு இரவு வேலை. ஒருவர் எழும்போதுதான் மற்றவர் படுக்கைக்கு வருகிறார்.

கான் திரைப்பட விழாவிலும் பல வெளிநாட்டுப் பதிப்புகளிலும் இந்தக் கதை மட்டும் நீக்கப்பட்டது. புகழ்பெற்ற நட்சத்திரங்கள் நடித்த மற்ற மூன்றும் தப்பின. உலகம் கண்டது பெரும்பாலும் கவர்ச்சியான இத்தாலியையே. ஆனால் அந்தக் கதை கற்பனைக் குறை அன்று. திருமணத்தைக் காரணம் காட்டிப் பெண்களை வேலைநீக்கம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1963 சனவரியில்தான் அங்கு வந்தது.

கசப்பான சிரிப்பு

டினோ ரிசியின் "அரக்கர்கள்" (1963) 20 குறுங்கதைகளைக் கொண்டது. விட்டோரியோ காஸ்மானும் உகோ தொஞாத்சியும் முதன்மை நடிகர்கள். ஒரு கதையில் தந்தை தன் சிறுவனுக்கு ஏமாற்றும் கலையைக் கற்பிக்கிறான். பின்னாளில் மகன் அந்தத் தந்தையையே கொல்கிறான். முந்தைய படங்களில் இருந்த கனிவு இதில் இல்லை. பிழைப்புக்காகச் செய்த தந்திரம், வளம் வந்த பிறகும் பழக்கமாக நீடித்ததையே ரிசி சாடுகிறார்.