ஒன்றாம் நம்பர் இல்லாத ரயில்

ஊட்டி மலை ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக இன்னொன்று கிடக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பிடித்துத்தான் மலை ஏறுகிறது. இதே 'அப்ட்' முறையில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலும் ஒரு ரயில் இருக்கிறது, ஸ்னோடன் மலை ரயில். பாதையின் அகலம் வெறும் 800 மில்லிமீட்டர். லான்பெரிஸ் ஊரிலிருந்து சுமார் 7.5 கிலோமீட்டர் ஏறி, 1085 மீட்டர் உயர மலையின் உச்சிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

மலை அழகு கெட்டுவிடும் என்று நிலத்தின் சொந்தக்காரர் முதலில் சம்மதிக்கவில்லை. ஆனால் மலையின் இன்னொரு பக்கம் வேறொரு கம்பெனி தன் ஸ்டேஷனுக்கு ஸ்னோடன் என்றே பெயர் வைத்து சுற்றுலா ஆட்களை இழுத்தது. லான்பெரிஸில் வியாபாரம் படுத்தது. மனசு மாறிவிட்டார்! காமர்ஸ் படிக்கிற நமக்கு இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? 1894 டிசம்பரில் வேலை தொடங்கியது. நிலச்சொந்தக்காரரின் மனைவி பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து முதல் எஞ்சினுக்கு 'லடாஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

1896 ஏப்ரல் 6, திறப்பு நாள். இறங்கி வந்த லடாஸின் பல்சக்கரம் பல் தண்டவாளத்தை விட்டு விலகியது. புதிதாகப் போட்ட பாதை கொஞ்சம் அமுங்கியிருந்ததுதான் ஆரம்பக் காரணம். பல்லை விட்டால் எஞ்சினுக்கு பிரேக்கும் இல்லை. டிரைவரும் ஃபயர்மேனும் குதித்துத் தப்பினார்கள், எஞ்சின் பள்ளத்தில் உருண்டது. பெட்டிகள் எஞ்சினோடு கோக்கப்படாமல் தனியாக இருந்ததால் தங்கள் பிரேக்கிலேயே நின்றன. ஆனால் எல்லிஸ் ராபர்ட்ஸ் என்ற பயணி அதற்குள் பயந்துபோய் குதித்துவிட்டார். காயத்தில் இறந்தும் போனார். பின்னால் வந்த இரண்டாவது ரயிலும் அங்கேயே பல்லை விட்டு, நின்ற பெட்டிகள் மீது மோதியது. வேறு உயிர்ச்சேதம் இல்லை.

கம்பெனி ஒரு வருடம் ரயிலை நிறுத்தியது. முதல் கோடைக்கால வருமானம் முழுக்கப் போச்சு. பல் தண்டவாளத்தின் இரு பக்கமும் இரும்புச் சட்டம் பொருத்தி, எஞ்சின் அதைக் கீழிருந்து கவ்விக்கொள்ளும்படி செய்தார்கள். இனி பல்சக்கரம் மேலெழும்ப முடியாது. 1897 ஏப்ரலில் மறுபடி திறந்தார்கள்.

இன்று டீசல் எஞ்சின்களும் ஓடுகின்றன, நீராவியும் இருக்கிறது. பழைய எஞ்சின்களின் வரிசை மட்டும் இரண்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஒன்று என்ற எண்ணை வேறு எந்த எஞ்சினுக்கும் கொடுக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் அந்த நஷ்டத்தை என்றோ எழுதி முடித்திருப்பார்கள். அந்தக் காலி இடத்தை நிரப்ப மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை போல.