ஹைக்கூ மலையேறிய கதை

பாடசாலைச் சுவர்ப் பத்திரிகையிலும் வார இதழ்களிலும் நாம் பார்க்கும் ஹைக்கூவுக்கு மூன்று வரி கொடுத்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். ஜப்பானியர் அதை வழக்கமாக மேலிருந்து கீழாக ஒரே வரியில் எழுதுவார்கள்.

முதலில் அது தனிக் கவிதையாகவும் இருக்கவில்லை. பல கவிஞர்கள் கூடி, மாறிமாறித் தொடுக்கும் நீண்ட பாட்டின் தொடக்க அடி அது, 17 அசைகள். 1644இல் பிறந்த மட்சுவோ பாஷோவின் கையில் அந்தத் தொடக்கமே தனித்து நிற்கும் வலிமை பெற்றது. சீடர் ஒருவர் அவர் குடிசையருகே ஒரு வாழைக்கன்றை நட்டார். அந்த ஊர்க் குளிரில் அது பழம் தரவில்லை. கவிஞருக்குப் பெயரைத் தந்தது. பாஷோ என்றால் வாழை. 1689இல் சோரா என்ற சீடரோடு வடக்கு நோக்கிப் புறப்பட்டு, ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் பயணம் செய்தார், பெரும்பாலும் கால்நடையாக. உரைநடையும் கவிதையும் கலந்த அவருடைய புகழ்பெற்ற பயணநூல் அதில் பிறந்தது.

இருநூறு ஆண்டுகள் கழித்து, காசநோயோடு போராடிய மசவோகா ஷிகி தொடக்க அடியைத் தொடர்பாட்டிலிருந்து பிரித்து ஹைக்கூ என்று பெயரிட்டார். பிறகு அது கப்பலேறியது. 1913இல் எஸ்ரா பவுண்ட் பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்தைப் பற்றி அதன் சாயலில் எழுதினார். ஆங்கிலத்திலும் எழுதிய ஜப்பானியர் யோனே நோகுச்சியின் கட்டுரை ஒன்று கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவியூ'வில் வந்தது. புதுச்சேரியிலிருந்த பாரதி அதைப் படித்து, 1916இல் 'சுதேசமித்திர'னில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். ஆனால் தமிழில் ஹைக்கூ தொகுப்புகள் வர 1984 ஆயிற்று. அமுதபாரதி, அறிவுமதி நூல்கள் அவ்வாண்டில் வெளிவந்தன. ஜப்பானிய ஹைக்கூவில் பருவத்தைச் சுட்டும் சொல்லும் 17 அசைக் கணக்கும் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. தமிழின் ஓசைக்கு அந்தக் கணக்கு ஒட்டாது, உதிர்ந்தது நல்லதே.

1988இல் சு. முரளிதரனின் 'கூடைக்குள் தேசம்' வந்தது. இலங்கையின் முதல் ஹைக்கூ தொகுப்பு என்று குறிப்பிடப்படும் அது மலையகத்தின் நூல். கொழுந்துக் கூடை சுமப்பவர்களின் வாழ்வு மூன்று வரிக்குள் வந்தது.

அந்த மக்களின் முன்னோரும் நடந்தவர்களே. கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். பாஷோ விரும்பி நடந்தார். இவர்களைப் பசி நடத்தியது. பலர் வழியிலேயே மாண்டார்கள். மாத்தளைக் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: மன்னாரிலிருந்து உங்கள் ஊர்வரை அந்த வழியை ஒருமுறை நடந்து, உரைநடையும் ஹைக்கூவுமாக எழுதித் தாருங்கள்.