எழும்பூரில் இருந்த கறுப்புப் புத்தகம்

பட்டுச்சேலை ஆரணி இல்லை, பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து எழுதுகிறேன். இன்று கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க டீச்சர்." என் பணிக்காலம் முழுவதும் பெற்றோர் வாயால் கேட்ட வசனம் இது. 2003ல் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி, பள்ளியில் அடிப்பதை அரசு தடை செய்தது. 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மனத்தை வதைப்பதையும் சேர்த்துத் தடுத்தது. அதன் பிறகும் அந்த வசனம் நிற்கவில்லை. பிரம்பு இல்லாமல் பிள்ளை எப்படி உருப்படும் என்பதுதான் அவர்கள் கேள்வி.

இந்தக் கேள்விக்கு 230 வருடங்களுக்கு முன்பே ஒருவர் நம் பக்கத்திலேயே விடை தேடியிருக்கிறார். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787ல் சென்னைக்கு வந்தவர், 1789ல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண்பிள்ளைகள் அனாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள் படித்த இடம் அது. பலருக்குத் தாய் இந்தியப் பெண்.

அப்போது நம் ஊர்ப்பக்கமெல்லாம் திண்ணைப் பள்ளிதான். 1826ல் கவர்னர் தாமஸ் மன்றோ கணக்கெடுத்துச் சொன்னபோது சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மணலில் விரலால் எழுதுவதும், மூத்த பையன் இளைய பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அந்தப் பள்ளிகளின் வழக்கம். சட்டாம்பிள்ளையைத் தெரியாதவர் உண்டா? குதிரையில் போகும்போது அப்படி ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்த பெல், அதை எழும்பூருக்குக் கொண்டுபோனார். பெரிய ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால், எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். 1797ல் இதைப் புத்தகமாக எழுத, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

திண்ணைப் பள்ளியிலிருந்து மணலை எடுத்துக்கொண்டவர் பிரம்பை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாகக் கறுப்புப் புத்தகம் என்று ஒன்று வைத்தார். ஒரு பையன் தப்பு செய்தால் உடனே அடி கிடையாது, புத்தகத்தில் எழுதிவைப்பார்கள். வாரத்தில் ஒருநாள் பள்ளி முழுவதும் கூடியிருக்க அதைப் படிப்பார்கள். பிள்ளைகளே ஜூரியாக உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்பு சொல்வார்கள். அந்தத் தண்டனையைப் பெரியவர்கள் அப்படியே நிறைவேற்றலாம், குறைக்கலாம், மன்னித்தும் விடலாம்.

எனக்கு இதில் ஜூரியைவிட அந்த இடைவெளிதான் பெரிதாகப் படுகிறது. திங்கட்கிழமை உச்சிக்கு ஏறின கோபம் வார முடிவில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

இதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் சட்டாம்பிள்ளை முறையில் பள்ளி நடத்தினார். அவரும் பிரம்பைத் தொடமாட்டேன் என்றவர்தான். ஆனால் பையன் கழுத்தில் மரக்கட்டை மாட்டினார், கூடையில் உட்காரவைத்து எல்லோரும் பார்க்கக் கூரையில் தொங்கவிட்டார்! நம் வீடுகளில் பெல்லைவிட லங்காஸ்டர்தான் அதிகம். "நான் எம்புள்ளைய ஒரு அடி அடிச்சதில்ல" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, சொந்தக்காரர்கள் நடுவில் அவன் மார்க்கைச் சொல்லிச் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் அந்தக் கூடையில் ஏற்றுகிற மாதிரிதான்.

பெல்லையும் மகான் ஆக்கிவிட வேண்டாம். 1800ல் திருமணம் செய்துகொண்டார்; சில ஆண்டுகளிலேயே பிரிந்துவிட்டார்கள். நூறு பிள்ளைகளை மேய்ப்பது வேறு, ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசித் தீர்த்துக்கொள்வது வேறு போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூக்கக் கண்ணோடு இறங்குகிற அப்பா, பிள்ளை பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில்தான் வீட்டுக்குள் நுழைகிறார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அம்மா நேற்றைய புகார் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பார். சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டு அப்பாவுக்கு, சமையல் அவசரம் அம்மாவுக்கு. அடியோ வசவோ விழுவது அங்கேதான். பிள்ளை பதில் சொல்ல நேரமே இல்லை, வேன் வந்துவிடும். இப்படி அழுதுகொண்டே வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு முதல் பீரியடில் என்ன நடத்தினாலும் ஏறாது.

2007ல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், மூன்று குழந்தைகளில் இருவர் உடல்ரீதியான வதைக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். குடும்பத்துக்குள் அடிவாங்கியவர்களில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோர்தான்.

பள்ளிக்கூட வாசலோடு நம் சட்டம் நின்றுவிட்டது. ஸ்வீடன் 1979லேயே வீட்டிலும் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. சட்டப் புத்தகத்தை யார் வீட்டில் பிரிக்கப்போகிறார்கள்? அதனால் அந்தச் செய்தியைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சடித்தார்கள். காலையில் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் சாப்பிட உட்காரும் மேசைக்கு அது வந்து சேர்ந்தது.