கோடு, ஆப்பு, தூசி

ஓய்வு பெற்றபின் புதுச்சேரியை விட்டு, மனைவியின் ஊரான வேடந்தாங்கலுக்கு வந்துவிட்டதை முன்பே எழுதியிருக்கிறேன். போன புரட்டாசியில், மழைக்கு முன் வாசலில் கருங்கல் பாவுவதற்கு ஒரு தம்பி வந்தார். கையில் கட்டிங் மெஷின், முகத்தில் துண்டு. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கல்லை ஒரே வீச்சில் அறுக்கவில்லை. கல்லை மணல்மேல் ஆடாமல் கிடத்தி, கோடு போட்டார். அந்தக் கோட்டின்மேல் முதலில் மெல்லிய கீறல் ஒன்று. பிறகு மூன்று நான்கு தடவையாக ஆழம். முடியும் இடம் வந்ததும் கையைத் தளர்த்தினார். “அவசரப்பட்டா ஓரம் பேந்துடும் சார்” என்றார்.

பல்லவர் சிற்பிகளும் இதையே செய்தார்கள். மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாகச் சிறு குழிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஆப்புக் குழிகள். கோட்டின்மேல் உளியால் குழி தோண்டி, ஆப்பு வைத்து அடித்தால் கல் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். எல்லாக் குழிகளும் பல்லவர் காலத்தவை அல்ல. பின்னால் வந்தவர்களும் அதே முறையில் கல் எடுத்தார்கள். முடியாமல் நின்றுபோன குடைவரைகளில் பாறையைக் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டங்களைத் தட்டி எடுத்த தடம் இன்றும் தெரிகிறது. கல்லை உடைப்பது பலம். அது எங்கே உடைய வேண்டும் என்று சொல்வது கீறல்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பல்லவர்களை எனக்கு முதலில் அறிமுகம் செய்ததே ஒரு பிரெஞ்சுக்காரர்தான். புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், தென்னிந்தியத் தொல்லியல் பற்றி 1914இல் வெளியிட்ட நூலை வாலிபத்தில் புரட்டியிருக்கிறேன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் பெருமைப்படும் மண்டகப்பட்டுக் கல்வெட்டைப் பார்க்கப் பிறகு பஸ் ஏறிப் போனேன். அதில் அரசன் பெயர் இருக்கிறது. கல் கொத்தியவன் பெயர் இல்லை. அவன் நெஞ்சில் சேர்ந்த தூசியைப் பற்றியும் இல்லை.

தூசி என்றதும் ஒரு கோப்பு நினைவுக்கு வருகிறது. கருங்கல்லில் உள்ள படிகக்கல் பொடி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். அதுதான் சிலிக்கோசிஸ். மருந்தால் மாறாது. உளி வேலையிலும் வரும். மெஷின் வந்தபின் மணிக்கணக்கில் எழும் தூசி நிமிடக்கணக்கில் எழுகிறது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இந்நோய் இருந்தது. ஆனால் சாலையோரப் பட்டறையில் நாலு பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை ஆகாது.

எண்பதுகளில், என் மேசைக்கு ஒரு கல் தொழிலாளியின் மனைவி கொடுத்த உதவி மனு வந்தது. மருத்துவச் சான்றில் ‘காசநோய்’ என்றிருந்தது. இரண்டுக்கும் இருமலும் இளைப்பும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடுவது அன்று சாதாரணம். ‘தொழில்நோய் என்பதற்குச் சான்று இல்லை, திருப்பலாம்’ என்று குறிப்பு எழுதியவன் நான். விதிப்படி சரி. அந்த அம்மாள் திரும்பி வரவில்லை. வேறு மருத்துவரிடம் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

அன்று திண்ணையை விட்டு எழுந்து, தோட்டத்துக் குழாயை இழுத்து வந்தேன். வெட்டும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் பொடி பறக்காது, பிளேடும் சூடாகாது.

“சேறாயிடும் சார்” என்றார் தம்பி.

“ஆகட்டும் தம்பி, கழுவிக்கலாம். மெஷினுக்குக் கரண்டு போகுது, ஒயர்ல தண்ணி படாம நீங்க பாத்துக்குங்க. குழாயை நான் பிடிக்கிறேன்” என்றேன்.

உங்கள் வீட்டில் கல் வேலை நடந்தால், கூலி பேசும்போதே தண்ணீரையும் நல்ல முகக்கவசத்தையும் பேசிவிடுங்கள். துண்டு போதாது.