‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’: கதையமைதி உரை

விஜயா மூலே இயக்க, பீம்சைன் அனிமேஷன் அமைக்க, பிலிம்ஸ் டிவிஷன் 1974இல் தந்த இக்குறும்படம் ஏறக்குறைய ஏழு நிமிட அளவிற்று. தூர்தர்ஷன் வழியே நாடெங்கும் சிறார் கண்டது. அக்கை ஒருத்தி சிறார்க்குச் சொல்லும் அதன் கதையை ஒரு தொடராக்கி, உறுப்புறுப்பாக உரை கூறுதும்.

“பல புள் இரைகண்டு இழிந்து வலையுட்பட்டு ஒருங்கெழுந்தன, எலிகள் வலை அரிந்தன, சிறார் மாங்கனி கொய்தனர்.”

பல புள்: ஞாயிறும் திங்களும் ஒன்றென்றும் விண்மீன் பலவென்றும் அக்கை முற்படக் காட்டினாள். ‘பல’ என்பது விண்மீனுக்கே பெயரோ என மகவு மயங்க, அணிலும் பட்டாம்பூச்சியும் காட்டி அம்மயக்கம் ஒழித்தாள். அதன்பின்னரே புட்கள் வருதலின், ‘பல’ என்னும் அடை ஈண்டு எண்ணுப்பொருள் மாத்திரையன்று, கதைக்கு வித்துமாம். ஒகேனக்கல்லிற் பல அருவியாய்ப் பிரிந்து வீழ்ந்து கீழே ஒரு நீராய்ச் செல்லும் காவிரிபோல, ஒன்று பலவாய் மீண்டும் ஒன்றாதலே படத்தின் போக்கென்க.

இரைகண்டு இழிந்து: இழிதற்கு ஏது கூறியவாறு. வெளிப்படை.

வலையுட்பட்டு: வேடன் யார், பிடித்தானோ, கொன்றானோ எனச் சிறார் இடைமறித்து வினவுவர். அது கதையைத் தடுக்குமன்றோ எனின், தடுக்காது. வலைக்கும் விடுதலைக்கும் இடையே அச்சம் முதிர்தற்கு வேண்டிய காலத்தை அவ்வினாக்களே தந்தன. ஏழு நிமிடத்துள் இதனினும் சிக்கனமான உத்தி அரிது.

ஒருங்கெழுந்தன: வினை ‘எழுந்தன’, கதையைத் திருப்புவது ‘ஒருங்கு’. தனித்தனி எழுந்தாற் பயனின்மை குறிப்பாற் பெற்றாம்.

எலிகள் வலை அரிந்தன: பஞ்சதந்திரத்துப் புறாக்கதையே இதற்கு மூலம். ஆண்டுப் புறாவேந்தன் சித்திரக்கிரீவன் உளன். அவன் நண்பனாகிய இரணியகன் என்னும் ஓர் எலியே தளையறுக்கும். ஈண்டு வேந்தனும் இலன், எலியும் ஒன்றன்று. மீட்பாரும் பலராகவே, ‘பல’ என்ற வித்து இறுதிகாறும் முளைத்தது. மாற்றம் சிறிது, மாற்றியவர் நுட்பம் பெரிது.

சிறார் மாங்கனி கொய்தனர்: வலையறுந்தவழிக் கதை முற்றியதன்றோ எனின், உட்கதை முற்றிற்று, புறக்கதை முற்றவில்லை. நாமும் இம்மரத்துக் கனி பறிக்கலாமோ எனச் சிறார் கேட்ப, பறிக்கலாம், ஆயின் யுக்தி வேண்டும் என்றாள் அக்கை. ஒற்றுமை மட்டும் போதாது என்பது அவ்வொரு விடையாற் போந்த பொருள். அறம் சொல்லி நிறுத்தாது செய்வித்து முடித்தமையின், இவ்வீறு சிறந்ததாயிற்று.

கதையமைதி கற்பான் புகுவோர் இப்படத்தை முதற்கண் ஒலியின்றிக் காண்க. பின்னர் ஒலியோடு கண்டு, வினாக்கள் எவ்விடத்து வீழ்கின்றன எனக் குறித்துக்கொள்க.